கன்டென்சரும் காக்காய்ப்பொன் தொழிலாளியும்

ஆலை மோட்டாரின் பக்கத்திலும் வயலின் பம்ப் செட்டிலும் கன்டென்சர் என்ற சிறு உருளையைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். மின்சக்தியை வாங்கி வைத்து, கணத்தில் திருப்பித் தருவது அதன் வேலை. இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். எவ்வளவு சக்தி சேரும் என்பது அந்த நடுப்பொருளைப் பொறுத்தது.

ரேடியோ கன்டென்சர்களுக்கு நெடுங்காலம் சிறந்த நடுப்பொருளாக இருந்தது மைக்கா. நம் ஜனங்கள் அதைக் காக்காய்ப்பொன் என்பார்கள். அன்றைய பீகாரின், இன்றைய ஜார்க்கண்டின், கோடர்மா, கிரிடீ பகுதிகளிலிருந்து அது உலகெங்கும் சென்றது. அதைத் தோண்டியும் தாள் தாளாகப் பிளந்தும் கொடுத்தவர்கள் ஏழை உழைப்பாளிகள்.

இரண்டாவது உலக யுத்தத்தில் மைக்காவுக்குத் தட்டுப்பாடு வந்தது. மாற்றுத் தேடிய விஞ்ஞானிகள் பேரியம் டைட்டனேட்டைக் கண்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், சோவியத் யூனியன் மூன்றிலும் தனித்தனியாக இது நடந்தது. 1944-ல் சோவியத் விஞ்ஞானி வுல் இதை ஆராய்ந்தார். வெற்றிடத்தோடு ஒப்பிட்டால், மைக்கா வைத்த கன்டென்சர் சுமார் 6 மடங்கு மின்னேற்றம் கொள்ளும்; பேரியம் டைட்டனேட் 1,000 மடங்குக்கும் மேல்!

ஆனால் மின்னேற்றம் கொண்டால் மட்டும் போதாது. அழுத்தத்தையும் தாங்க வேண்டும். வோல்ட் இரட்டித்தால் சேரும் சக்தி நான்கு மடங்காகும். பேரியம் டைட்டனேட்டோ அழுத்தம் ஏற ஏறத் தன் வலிமையை இழக்கிறது. ஆகவேதான் வேறு தனிமங்களைக் கலந்தும், மெல்லிய அடுக்குகளாக்கியும் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் காக்காய்ப்பொன் தொழிலாளி என்ன ஆனான்? மின்சாதனத் தொழிலில் மைக்காவின் தேவை சுருங்கியது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், அனுமதி பெற்ற சுரங்கங்களும் பெரும்பாலும் மூடப்பட்டன. வேலை போயிற்று, பசி போகவில்லை. கைவிடப்பட்ட குழிகளிலும் கழிவு மேடுகளிலும் குடும்பங்கள் துண்டு மைக்கா பொறுக்கின. குழந்தைகளும் பொறுக்கினார்கள், மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு. அந்தத் துண்டுகள் பெயிண்டுக்கும் முகப்பூச்சுக்கும் போகின்றன. லாபம் வியாபாரிக்கு, ஆபத்து பொறுக்குபவனுக்கு!

குற்றம் விஞ்ஞானத்தினுடையதா? இல்லை. புதுப்பொருளின் பலனை ஒருவன் எடுத்துக்கொண்டு, அதன் செலவை இன்னொருவன் தலையில் கட்டும் ஏற்பாட்டினுடையது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, பழைய தொழிலில் இருப்பவனுக்கு மாற்று வேலையும், அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் ஒதுக்கப்பட வேண்டும். புதிய இயந்திரம் வரும்போது ஆலைத் தொழிலாளி கேட்பதும், அறுவடை இயந்திரம் இறங்கும்போது விவசாயத் தொழிலாளி கேட்பதும் இதுவேதான்.

புதுமை வரட்டும், உழைப்பவனைத் தள்ளிவிட்டு வர வேண்டாம்!