ஆற்றங்கரை மனையா? மழையில் போய் பாருங்க!

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை காட்டும் தரகர்கள் மரம், காற்று, அடையாறு என்று அடுக்குவார்கள். 2015 டிசம்பரை மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்!

டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. இந்த ஊர் ஜனங்களைப் படகில்தான் மீட்டார்கள். செம்பரம்பாக்கத்தைத் திட்டிப் பயனில்லை. அந்த ஏரித் தண்ணீர் இதற்குக் கீழே, திருநீர்மலை பக்கம்தான் ஆற்றில் சேர்கிறது. இங்கே புகுந்தது மேலே உள்ள ஏரிகளின் உபரி நீர்.

பட்டா சரி, வில்லங்கம் பார்த்தாச்சு என்பார்கள். வில்லங்கத்தில் கிரயமும் கடனும் வரும், வெள்ளம் வருமா? புல வரைபடத்தில் வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்க்கணும். அப்புறம் பக்கத்து மளிகைக் கடையில், "அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால், சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார். இடுப்பு உயரம் என்றால், மண் கொட்டி மேடாக்கும் செலவு தனி. தரகர் சொல்லும் விலையில் அது கிடையாது.