காலாண்டுத் தேர்வா ஐஐஎம் இடத்தைத் தீர்மானிப்பது?

சென்னை தி.நகரிலோ அடையாறிலோ, ஐஐஎம்களுக்கான கேட் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் நுழையும் பட்டதாரியிடம், “டென்த்துல எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 75 சதவீதம் என்றால், “புரொஃபைல் வீக். 99 பர்சன்டைல் தாண்டினாலும் பெரிய ஐஐஎம்மிலிருந்து இன்டர்வியூ கால் வருவது கஷ்டம்” என்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. விதி அப்படி.

அகமதாபாத் ஐஐஎம்மின் மதிப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 70-க்கு மேல் 80 சதவீதம் வரை வாங்கியவருக்கு 5 புள்ளி. 80-ஐத் தாண்டினால் 8. 90-ஐத் தாண்டினால் 10. அதாவது, 500-க்கு 400 வாங்கிய மாணவிக்கு 5. 401 வாங்கிய தோழிக்கு 8. ஒரே ஒரு மதிப்பெண்ணுக்கு மூன்று புள்ளி! ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, கேட் தேர்வில் ரத்தம் சுண்ட எழுதினாலும் அந்த ஒரு மதிப்பெண் பின்னாலேயே வருகிறது.

அந்த மதிப்பெண் வந்த விதம் என்ன? கேட் 2025 எழுதிய பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் 2020-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வு கொரோனாவால் தள்ளித் தள்ளிப்போய், ஜூன் 9-ஆம் தேதி ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டார்கள். பிள்ளை பயந்து படிக்கட்டும் என்று காலாண்டுத் தாளைக் கறாராகத் திருத்துவது நம் பள்ளிகளின் வழக்கம். மயிலாப்பூரில் அடுத்த தெரு சிபிஎஸ்இ மாணவரோ ஊரடங்குக்கு முன்பே முக்கியப் பாடங்களின் தேர்வை எழுதி முடித்துவிட்டார். இருவருக்கும் ஒரே அட்டவணை.

2021-இல் பத்தாம் வகுப்பு முடித்த மாநிலப் பாடத்திட்ட மாணவரின் சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. ‘தேர்ச்சி’ என்ற சொல் மட்டும். விவேகானந்தா கல்லூரியில் இப்போது பி.காம். முடிக்கும் அந்த மாணவர் எதைக் காட்டுவார்?

தொடர்ந்து நன்றாகப் படித்தவர்தான் வேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. டியூஷனுக்கும் பெரிய பள்ளிக்கும் பணம் கட்ட முடிந்த வீட்டையே அவர்கள் திறமை என்கிறார்கள். கல்வி வாரியங்களுக்கிடையே சமன்செய்கிறோம் என்ற சமாதானமும் எடுபடாது. இல்லாத மதிப்பெண்ணை எந்தச் சூத்திரம் சமன்செய்யும்? ஹார்வர்டு வணிகப் பள்ளி கல்லூரி மதிப்பெண்ணோடு நின்றுகொள்கிறது. நம் மாநிலத்தின் எம்பிஏ கலந்தாய்வு தான்செட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. அங்கெல்லாம் மேலாளர்கள் உருவாகவில்லையா?

2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஐஐஎம்களுக்குத் தன்னாட்சி தந்தது. மக்கள் வரிப்பணத்தில் எழுந்த நிறுவனங்கள், அந்தத் தன்னாட்சியை மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளை வடிகட்டப் பயன்படுத்துவதைப் பொறுக்க முடியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அடுத்த சேர்க்கையிலேயே எல்லா ஐஐஎம்களும் நீக்க வேண்டும். 2011-இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் நம் மாணவர்களின் நிலையை மற்ற நிறுவனங்களிடம் எடுத்துச் சொல்லட்டும். அதற்கும் அசையாவிட்டால் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் இந்த ஆண்டே.