மாணாக்கரின் மாணாக்கர்

ஆசிரியர் ஒருவரின் வெற்றியை எதனைக்கொண்டு அளப்பது? அவரிடம் கற்றோர் பெற்ற பட்டங்களைக்கொண்டு அளப்பாருளர். நாமோ, அங்ஙனம் கற்றோரிடம் கற்பதற்கு வேறொரு கூட்டம் வந்து அமர்கின்றதா என்பதையே உரைகல்லாகக் கொள்வோம். அவ்வுரைகல்லில் இட்டுப் பார்க்கத்தக்க முயற்சி ஒன்று உகண்டா நாட்டிலே நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகின்றது.

விக்ரோரியா ஏரிக்கு மேற்கே ராக்காய் என்றொரு மாவட்டம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அங்கே மக்கள் உடல் மெலிந்து, வயிற்றோட்டத்தால் வாடி மடிந்தனர். ஊரார் அந்நோயை மெலிவு என்ற பொருளில் 'சிலிம்' என அழைத்தனர். அப்பொழுது இளம் வைத்தியராயிருந்த டேவிட் சேர்வாடாவும் அவர்தம் தோழரும் பிரித்தானிய அறிஞரோடு கூடி ஆராய்ந்தனர். எயிட்ஸ் கிருமிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1985ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டின் வாயிலாக உலகுக்கு அறிவித்தனர்.

ஆனால், அந்நாட்டின் நிலை யாது? 1971 முதல் 1979 வரை நடந்த இடி அமீனின் கொடுங்கோலாட்சியும் அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரும் புகழ்பெற்ற மக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சீர்குலைத்திருந்தன. பேராசிரியர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். ஆராய வேண்டிய நோய் இருந்தது; ஆராயும் ஆர்வமுள்ள இளைஞரும் இருந்தனர்; அவர்களுக்கு வழிகாட்டும் மூத்தோரே அரியராயினர்.

இந்த இடத்திலேதான் பிறநாட்டுத் துணை பயன்பட்டது. 1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசின் போகார்ட்டி நிலையம், வறிய நாட்டு இளைஞர்க்கு எயிட்ஸ் ஆராய்ச்சியிற் பயிற்சி அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில மக்கரேரேயுடன் கைகோத்தன. சேர்வாடாவும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பொதுச் சுகாதாரம் பயின்று தாயகம் மீண்டார். ராக்காயிலேயே நிலையான ஆய்வு நிலையம் உருவாயிற்று.

வழிகாட்டுதல் என்பது விரிவுரை ஆற்றுவதோடு முடிவதன்று. பரந்த ஐயத்தை விடை காணத்தக்க ஒரு வினாவாகக் குறுக்குவது எப்படி? எழுத்தறியாத தாயிடம் ஆய்வின் நன்மை தீமைகளை விளக்கி, நேர்மையாகச் சம்மதம் பெறுவது எப்படி? பணவுதவி வேண்டி விண்ணப்பம் வரைவது எப்படி? ஏட்டாசிரியர் திருப்பியனுப்பிய கட்டுரையை மனந்தளராது மறுபடி எழுதுவது எப்படி? இவற்றை ஒரு மூத்தவர் அருகிருந்து காட்டவேண்டும். அதனோடு, நாள் முழுதும் நோயாளரைப் பார்த்துக் களைக்கும் இளம் வைத்தியருக்கு ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய நேரமும், அந்நேரத்திற்குரிய ஊதியமும் வேண்டும்.

விளைந்த பயன் சிறிதன்று. பிரசவ வேதனை தொடங்கியதும் தாய்க்கு நெவிரபின் என்னும் மருந்தில் ஒரு மாத்திரையும், பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை மருந்தும் கொடுத்தால், அன்று வழங்கிய குறுகியகாலச் சிகிச்சையோடு ஒப்பிடுகையில் குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பதை 1999இல் கம்பாலா ஆய்வு காட்டிற்று. இதனினும் சிறந்த மருந்து முறைகள் பின்னர் வந்தன. ஆயினும் வறிய நாட்டுத் தாய்மாருக்கு முதலில் நம்பிக்கையூட்டிய ஆய்வுகளுள் அது ஒன்று. ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 415 தம்பதியரை ராக்காயில் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையோ மற்றோருண்மையை உணர்த்திற்று. இரத்தத்தின் ஒரு மில்லிலீற்றரில் கிருமிகள் 1500க்குக் குறைவாயிருந்தவரிடமிருந்து துணைவருக்கு நோய் தொற்றவேயில்லை. மருந்தினாற் கிருமியை அடக்கியவர் துணைவருக்கு நோயைக் கடத்தார் என்று இன்று துணிந்து கூறுகின்றோமே, அத்துணிபுக்கு இடப்பட்ட அடிக்கற்களுள் இதுவும் ஒன்றாகும்.

எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதற் பெயர் உகண்டா நாட்டவருடையது. 1999, 2000 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளில் முதற் பெயர் அமெரிக்கருடையது. உகண்டா அறிஞர் பெயர்கள் பின்னே வந்தன. உழைப்பு இருசாராருக்கும் உரியதே. ஆனால் பணம் எந்நாட்டிலிருந்து வருகின்றதோ அந்நாட்டின் பக்கமே தலைமையும் சாய்வது உலகியல்பு. இதனை உணர்ந்தே போலும், 2010இல் ஐக்கிய அமெரிக்கா ஆபிரிக்க மருத்துவக் கல்விக்கென ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கிய 13 கோடி டொலரை ஆபிரிக்க நிறுவனங்களிடமே நேராக வழங்கிற்று. உகண்டாவில் அப்பொறுப்பை ஏற்றவர், மக்கரேரேயின் மருத்துவ பீடாதிபதியாக முன்னர் இருந்த நெல்சன் செவன்காம்போ. 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. அன்று பிறர் ஆய்வுகூடத்தை நாடி நின்ற தலைமுறை, இன்று தானே இளைஞரை வளர்க்கின்றது.

2025ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா வெளிநாட்டு உதவியையும், வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு அளிக்கும் பணத்தையும் பெரிதும் குறைத்தது. ஆபிரிக்காவிற் பல ஆய்வுகள் இடைநடுவில் நின்றன. சம்பளம் நின்றால் கற்றவரும் கலைவர். கற்பிக்க ஆளின்றி அடுத்த தலைமுறை மறுபடியும் வெறுங்கையோடு நிற்கும்.

ஆதலால், இத்தகைய கூட்டுறவில் ஈடுபடும் செல்வ நாடுகளையும் வறிய நாடுகளின் அரசுகளையும் நாம் வேண்டுவது இதுவே: ஓர் இளைஞரை அயல்நாட்டுக்கு அனுப்பும் அன்றே, அவர் மீண்டு வந்து அமரும் ஆசனத்தையும், அதற்குச் சொந்த நாட்டுத் திறைசேரியிலிருந்து ஊதியத்தையும் உறுதி செய்யுங்கள். அவர் எதிரே இரண்டு மாணாக்கரேனும் அமரட்டும்.