இட்லிப்பூவுக்கு 70 வளைவு எதற்கு?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் காபியும் அன்னாசியும் இறங்கிப் போகிற அந்தச் சாலையில் இப்போது பூச்செடி ஏற்றிய வண்டிகள் மேலே வருகின்றன. விடுதிகள் பெருகிவிட்டன, வாசலுக்கு அலங்காரம் வேண்டுமே. ஆந்திரத்துக் கடியம் நர்சரிச் செடிகள் கைமாறிக் கைமாறிச் சமவெளிக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து இங்கே ஏறுகின்றன. குரோட்டன்ஸ் பாதி, குட்டை ரக இட்லிப்பூ மீதி.

இட்லிப்பூவின் மேல் எனக்குக் கோபமில்லை. வெட்சி என்று தொல்காப்பியம் முதல் புறத்திணைக்கே பெயர் வைத்த இனம் அது. பூவைப் பறித்து, நடுநரம்பை உருவி, நுனியில் நிற்கும் தேன்துளியை உறிஞ்சாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. ஆனால் தென்னிந்தியக் காட்டிலும் இலங்கைக் காட்டிலும் பிறந்த செடியின் கலப்பு ரகத்தை, அதன் உறவுக்காரச் செடிகள் புதராய் நிற்கிற மலைக்கே காசு கொடுத்து ஏற்றுவானேன்?

கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் எங்கள் காபித் தோட்ட வேலியோரம் பாவட்டை தானாக நிற்கிறது. காபி, வெட்சி, பாவட்டை, நுணா எல்லாம் ஒரே குடும்பம். காபி பூத்த வாரத்தில் தோட்டத்துக்குள் நின்றவருக்குப் பாவட்டையின் வெள்ளைக் கொத்தைப் பார்த்ததும் உறவு புரிந்துவிடும். வெட்சியின் நீளக் குழல்பூவுக்குப் பகலில் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வரும். பாவட்டைக்கு இரவில் அந்துப்பூச்சி வரும். குரோட்டன்ஸ் இலைக்கு எது வருகிறது? செல்போன்தான்.

மண்ணும் இங்கே தோதானது. வெட்சிக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். கீழே நாமக்கல் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் நட்டு, உப்பேறிய போர்த் தண்ணீர் ஊற்றினால் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டாலும் இதே கதிதான். இலைமட்கு நிறைந்த எங்கள் மலை மண்ணில் அந்தத் தொல்லை குறைவு.

நாற்று உண்டாக்குவதும் பெரிய வித்தையல்ல. பாதி முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மணலும் இலைமட்கும் கலந்த பையில் மழைக்காலத்தில் நிழலில் ஊன்ற வேண்டும். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். காபி நாற்று போட்டுப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவட்டை விதையிலும் வரும். சோலைக்குள் போய்ச் செடியை வேரோடு பிடுங்கி விற்பதை மட்டும் யாரும் தொடங்கிவிடக் கூடாது. குச்சியும் விதையும் போதும். தாய்ச்செடி காட்டிலேயே இருக்கட்டும்.

வாங்கி நடுபவர்களுக்கும் ஒன்று. வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் கத்திரி போட்டுப் பெட்டி போலச் சமன் செய்தால் மொட்டெல்லாம் குப்பைக்குப் போய்விடும். அப்புறம் பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் லேசாகக் கவாத்து செய்தால் போதும்.

ஆடியில் வல்வில் ஓரி விழாவை ஒட்டித் தோட்டக்கலைத் துறை மலர்க் கண்காட்சி நடத்துகிறது. மலர்களால் யானையும் மயிலும் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த விழாவில் ஒரு பந்தலை மலைச்செடிகளுக்கு ஒதுக்கி, எங்கள் மகளிர் குழுக்கள் வளர்த்த வெட்சி, பாவட்டை நாற்றுகளை அங்கே விற்கச் செய்ய வேண்டும். செம்மேட்டில் ஓரி சிலையைச் சுற்றி நடவும் அவற்றையே துறை வாங்கலாம். விடுதிக்காரர்களும் செடிக்கு முன்பணம் கட்டும் முன் இங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.