ரசாயன அறையும் நம் குழந்தைகளும்

பஞ்சுக் குடோனில் பீடி பற்றவைக்கக் கூடாது என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். பூச்சிமருந்தை அரிசிப் பானையருகே வைக்கக் கூடாது என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். நம் குழந்தைகள் விஞ்ஞானம் படிக்கும் பள்ளியின் ரசாயன அறைக்கும் இதே விதிதான்: சேரக் கூடாதவற்றைச் சேர்த்து வைக்காதே!

பாட்டில்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கினால் பார்வைக்கு ஒழுங்கு, உள்ளே ஆபத்து. அலுமினியத் தூளும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். இரண்டும் கலந்தால் வெடிமருந்து! நைட்ரிக் அமிலம் கசிந்து ஸ்பிரிட்டோடு கலந்தால் தீப்பிடிக்கும். ஆகவே இனம் பிரித்தே அடுக்க வேண்டும். அமிலங்கள் கண்மட்டத்துக்குக் கீழே, தனி அலமாரியில் இருக்க வேண்டும். சோடியம் மண்ணெண்ணெயில் மூழ்கி, தண்ணீர் அண்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் வருடக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, 200 பேருக்கு மேல் மாண்டனர். பள்ளியில் இருப்பது சில பாட்டில்களே. ஆனால் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்க ஒரு பாட்டில் போதும்.

தனி அலமாரி, மணல் வாளி, கண் கழுவக் குழாய், பயிற்சி பெற்ற உதவியாளர்: இவை சலுகைகள் அல்ல, சர்க்காரின் கடமை. 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கு இடம் தந்திருக்கிறது. தொழிலாளிப் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்!