திருவிழா நாளில் மட்டும் திறக்கும் தோட்டத்துக் கதவு



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் நடத்தினேன். தலைப்பு ‘என் மிதிவண்டிப் பயணம்’. எழுதத் தொடங்குமுன், “உங்களில் யாருக்கெல்லாம் மிதிவண்டி ஓட்டத் தெரியும்?” என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கும் குறைவான கைகளே உயர்ந்தன. அப்படி உயர்ந்தவற்றுள் ஒரு கை மாவுக்கட்டுப் போட்ட கை! குடியிருப்பின் முனைக் கடைக்கு ரொட்டி வாங்கச் சென்ற சிறுவன் அவன். பின்னால் வந்த மகிழுந்து உரசியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. மறுநாளே அவன் தந்தை அந்த மிதிவண்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். அவரை நான் குறைகூற மாட்டேன். எனக்கும் பிள்ளைகள் உண்டு.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தத் தந்தையின் தந்தை வாழ்க்கை முழுவதும் மிதிவண்டியிலேயே ஓடியது. விடியுமுன் பெரட்டுக்குப் போவதும், பால்வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிரையிலிருந்து பால் கொட்டகைக்குப் போவதும், சம்பள நாளில் பட்டணத்துக்குப் போவதும் மிதிவண்டியில்தான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நானும் அப்பாவின் பெரிய வண்டியில், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துத்தான் ஓட்டப் பழகினேன். விழுந்து எழுந்த காயங்கள் உண்டு. ஆனால் எந்த வண்டியும் என்னை இடித்ததில்லை. இடிப்பதற்கு அங்கே வண்டியே இல்லை!

இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. வண்டி ஓடாத சாலைகளை நம் பிள்ளைகளுக்காக யாரும் புதிதாகப் போட வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே அவை போடப்பட்டுவிட்டன.

ஈப்போவிலிருந்து வடக்கே தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட், லெங்கோங், கிரிக், அதற்கும் அப்பால் தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெங்காலான் உலு வரை, வலப்புறத்தில் திதிவங்சா மலைத்தொடர் கூடவே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடிவாரம் நெடுகத் தோட்டங்கள். 1877இல் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றும் கோலக்கங்சாரில் மரமாக நிற்கிறது. அதன் பிறகு எத்தனையோ மலைச்சரிவுகள் பால்மரக் காடுகளாயின. வெட்டிய பால் உறைந்து போவதற்குள் கொட்டகை வந்து சேர வேண்டும். பால்வாளி தளும்பவும் கூடாது. ஆகவே தோட்டத்துச் செம்மண் சடக்குகளைச் செங்குத்தாகப் போடாமல், குன்றின் இடுப்பைச் சுற்றி மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளை மிதிப்பதற்கு இதைவிட ஏற்ற சாலை ஏது? அந்தச் சடக்குகளை வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

“சார், மிதிவண்டிப் பயணமென்றால் பெருஞ்சாலையில் போக வேண்டியதுதானே?” என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டார். வார இறுதிகளில் குழுவாகக் கிரிக் வழியாகப் பெத்தோங் வரை மிதிப்பவர் அவர். அவருடைய கால்களுக்கு அது சரி. பிள்ளைகளை அங்கே விட முடியுமா? மரம் ஏற்றிய லோரிகளும் பேருந்துகளும் விரையும் சாலைகள் அவை. 2025 ஜூன் 9ஆம் நாள் கிரிக்-ஜெலி நெடுஞ்சாலையில் பேருந்து விபத்துக்குள்ளாகிச் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டதை ஆசிரியர் குலம் மறக்குமா? பேருந்தில் அமர்ந்து போவோருக்கே அந்த நிலை. போக இடமில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் கண்டோம். பின்னிரவில் சாலையில் மிதிவண்டி ஓட்டிய பதின்ம வயதினர் எட்டுப் பேர் மகிழுந்து மோதி இறந்தனர். நாடே பெற்றோர்களைத் திட்டித் தீர்த்தது. அந்தப் பிள்ளைகள் ஓட்டுவதற்கு வேறு எந்த இடம் இருந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

விடுமுறையில் அந்த மாணவனின் தாத்தாவைக் கண்டு பேசினேன். எழுபதைத் தாண்டியவர்; பால் வெட்டியவர். அவரும் நானும் இரண்டு மாணவர்களுமாக ஒரு ஞாயிறு காலை பசியாறிவிட்டு, அவர் வேலை செய்த பழைய தோட்டத்துக்குள் மிதிவண்டியில் நுழைந்தோம். பால்மரங்கள் போய் எங்கும் செம்பனைதான். இருந்தாலும் சடக்கு அதே சடக்கு. “வாத்தியாரே, இந்த வளைவில்தான் ஏழாம் நம்பர் காடு தொடங்கும். அந்தக் கல்லுக்கிட்ட கங்காணி நிப்பாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். லயங்கள் இருந்த இடத்தில் ஒரு முருங்கை மரமும் கிணற்றுச் சுவரும் மட்டும் நின்றன. பையன்கள் அரை நாள் முழுவதும் கைப்பேசியைத் தொடவில்லை. மாவுக்கட்டுப் பிரித்திருந்த அந்தச் சிறுவன், தாத்தாவுக்கு முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்தான். மூன்று மணி நேரத்தில் எங்களைக் கடந்து சென்றது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்.

மறுமாதம் மேலும் சில பிள்ளைகளோடு போனேன். இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு.

நிர்வாகத்தின் மீது எனக்குக் கோபமில்லை. செம்பனைக் குலைத் திருட்டு உண்மையான தொல்லை. பிள்ளை ஒன்று விழுந்து கால் ஒடிந்தால் யார் பொறுப்பு என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் அந்தக் கதவு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிறது! தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு. அன்று பட்டணத்திலிருந்து மகிழுந்துகளும் வேன்களும் வரிசையாக உள்ளே போகின்றன. யாரும் குலையைத் திருடுவதில்லை. காவலர் பெயர் எழுதிக்கொண்டு கைகாட்டி அனுப்புகிறார். ஒருநாள் முடிவது ஞாயிற்றுக்கிழமை காலை 8 முதல் 11 வரை முடியாதா? குலை லோரி ஓடாத நேரமாகப் பார்த்து, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் துணையோடு, பெயர்ப் பட்டியலும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கொடுத்துவிட்டுப் போகிறோம். பள்ளிச் சுற்றுலாவுக்கு நாம் எழுதாத கடிதமா?

வெளியூர்களைப் பாருங்கள். பிரிட்டனில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட இரயில் தடத்தை 1979இலிருந்து சிறிது சிறிதாக மிதிவண்டிப் பாதையாக்கினார்கள். சிங்கப்பூரில் நம் மலாயா இரயில் ஓடிய தடம் 2011இல் அந்நாட்டு அரசிடம் திரும்பியதும், ஏறத்தாழ 24 கிலோமீட்டரையும் விற்றுவிடாமல் நடைக்கும் மிதிவண்டிக்கும் வைத்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் பெத்தோங்கில், 1989 அமைதி உடன்பாட்டுக்குப் பின் கம்யூனிஸ்டுப் போராளிகளின் காட்டுச் சுரங்கமே சுற்றுலாத் தலமாகிவிட்டது. நம் குடும்பங்கள் அங்கே போய்ச் சுரங்கத்துக்குள் நின்று படம் எடுத்து வருகின்றன. அவசரகாலம் 1948இல் வெடித்ததே சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான் என்பதை அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

எல்லாத் தோட்டங்களையும் திறக்கச் சொல்லவில்லை. கிரிக் பக்கம் காட்டு யானைகள் நடமாடும் இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக நானே இசைய மாட்டேன். முதலில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எட்டோ பத்தோ கிலோமீட்டர் போதும். எல்பில், டோவென்பி, ஹீவுட் என்று தோட்டப் பெயர்களை இன்றும் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கும் வட்டாரம் அது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சேர்த்த காசில் தோட்டங்களை வாங்கிய சங்கம். அதன் தோட்டங்களில் ஒன்று முதலில் கதவைத் திறந்து காட்டினால் மற்ற நிர்வாகங்களிடம் பேசுவது எளிதாகும் அல்லவா?

காலம் மிகக் குறைவு என்பதே என் கவலை. தோட்டத்தைத் துண்டு போட்டு வீடமைப்புக்கு விற்றால் முதலில் மறைவது சடக்குதான். ஏழாம் நம்பர் காடு எங்கே தொடங்கும் என்று காட்டத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். பையனின் தாத்தாவுக்கு இப்போது முழங்கால் வலி. அடுத்த மழைக்குப் பின் மிதிக்க முடியுமோ என்னவோ என்கிறார்.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாக அந்த நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். நான்கு ஞாயிறுகள் மட்டும், இருபது பிள்ளைகள் மட்டும் என்று கேட்டிருக்கிறோம். சிறுவனின் தந்தையிடமும் பேசினேன். புதிய வண்டி வாங்கித் தர அவர் இன்னும் இசையவில்லை. கதவு திறந்தால் தாமும் கூட வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வந்ததும் எழுதுகிறேன். உங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட சடக்கு இருந்தால் அதன் பழைய பெயரையும் நிரை எண்ணையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.