இரண்டு அறிக்கைகளும் ஒரு பூட்டும்

மாண்புமிகு ஒன்ராறியோ சுகாதார அமைச்சர் சில்வியா ஜோன்ஸ் அம்மையாருக்கு,

மருத்துவர்களும் தாதியரும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் விடுத்த வேண்டுகோள்களால், மேற்பார்வையில் போதை ஊசி ஏற்றிக்கொள்ளும் மையங்களை மூடும் உங்கள் தீர்மானம் அணுவளவும் அசையாத காரணத்தால், பொதுஜனங்களின் முன்னிலையில் இம்மடலை எழுதத் துணிகிறேன். சட்ட விதிகளைத் தாங்கள் அறிவீர்கள். ஆகையால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2023 ஜூலையில், ரொறன்ரோ குயின் வீதி கிழக்கில், சவுத் ரிவர்டேல் சமூக சுகாதார நிலையத்தின் அருகே மூண்ட துப்பாக்கிச் சண்டையில், வழியே நடந்துகொண்டிருந்த ஒரு தாய் உயிரிழந்தார். அயலாரின் அச்சமும் ஆத்திரமும் முற்றிலும் நியாயமானவை. அவற்றைச் சிறுமைப்படுத்துவோருடன் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அரசும் அப்போது செய்யவேண்டியதையே செய்தது: ஜில் காம்ப்பெல் அம்மையாரை மேற்பார்வையாளராக நியமித்தது, யூனிட்டி ஹெல்த் மருத்துவமனை நிர்வாகத்திடம் தனியாக ஓர் ஆய்வையும் ஒப்படைத்தது. காவலைப் பலப்படுத்துக, அயலாருடன் கலந்து பேசுக என்றெல்லாம் பரிந்துரைத்த அவ்விரு அறிக்கைகளும், அந்நிலையத்தின் ஊசிப் பாதுகாப்பு அறையை மூடுமாறு சொல்லவில்லை. ஆயினும் 2024 ஆகஸ்ட் 20 அன்று, பள்ளிக்கூடங்களுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீட்டருக்குள் இருக்கின்றன என்று காரணங்காட்டி, அதையும் சேர்த்து மாகாணத்தில் இத்தகைய 10 மையங்களை, ரொறன்ரோவில் மாத்திரம் ஐந்தை, மூடும்படி அறிவித்தீர்கள். எவரும் சாகமாட்டார்கள் என்றும் உறுதி கூறினீர்கள். போதிய திட்டமும் கலந்தாலோசனையும் இன்றி எடுத்த முடிவு என்று அவ்வாண்டு டிசம்பரிலேயே மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் கண்டித்தார்.

எவரும் சாகமாட்டார்கள் என்ற அவ்வுறுதியை எந்த ஆதாரத்தைக் கொண்டு கூறினீர்கள்? இன்று தெருவில் விற்கப்படுவது ஃபென்டனில் மட்டுமன்று. அதனோடு பென்சோடயசெபைன் வகை மருந்துகளும், கால்நடைகளுக்குரிய மயக்க மருந்துகளும் கலந்திருக்கின்றன. நலோக்சோன் என்ற மாற்று மருந்து ஃபென்டனிலை முறிக்கும், இவற்றை முறிக்காது. ஆகையால் சுவாசம் தளர்ந்தவனுக்குப் பிராணவாயு கொடுத்து, அவன் கண் விழிக்கும்வரை அருகிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். உணவுக்கடையின் கழிப்பறையைத் தாழிட்டுக்கொண்டு தனியே ஊசி ஏற்றுகிறவனுக்கு அருகில் யார் உட்கார்ந்திருப்பார்கள், அம்மையீர்?

மூடியவற்றுக்குப் பதிலாக அமைத்த புதிய மையங்களில் சிகிச்சையும் வீட்டு வசதியும் அளிப்பதை வரவேற்கிறேன். ஆனால் அங்கே சுத்தமான ஊசிகூட வழங்கலாகாது என்று ஏன் தடுத்தீர்கள்? எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் இரத்தத்தின் வழியே பரவாதிருக்க 1989 முதல் இந்நகரத்தில் 'தி வேர்க்ஸ்' சேவை ஊசி வழங்கிவருவதை அறியாத சுகாதார அமைச்சு உலகில் இருக்க முடியுமா?

எண்பதுகளில் ஈழத்திலிருந்து ஓடிவந்த எம்மவர் பலர் முதலில் குடியேறிய செயின்ட் ஜேம்ஸ் டவுனிலிருந்து, மூடப்பட்ட ரீஜென்ட் பார்க் மையம் நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தது. மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையின் வியாதியைச் சுற்றத்தாருக்கும் மறைக்கும் குடும்பங்கள் எங்களிடையே உண்டு. அப்பிள்ளைகள் தனிமையிலேயே ஊசி ஏற்றுகிறார்கள், தனிமையிலேயே மடிகிறார்கள். இதை எம் சமூகம் வாய்விட்டுப் பேசாதிருப்பது எனக்கு வேதனை. நீங்கள் பேசாதிருப்பதோ அநீதி.

2025 மார்ச் 28 அன்று ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் மையங்களை மூடும் உங்கள் சட்டத்துக்குத் தற்காலிகத் தடை விதித்தபோதாவது தயங்கியிருக்கலாம், தயங்கவில்லை. அவ்விரு அறிக்கைகளையும் எடுத்து, மூடச் சொன்ன வாக்கியம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று மக்களுக்குக் காட்டுங்கள். காட்ட இயலாதெனில், பூட்டிய அறைகளைத் திறவுங்கள்.

இங்ஙனம்,
ரொறன்ரோவாழ் தமிழ்ப் பிரஜை ஒருவர்